கர்ப்பிணியின் மனமும் கணவரின் பங்கும்

செவ்வாய்க்கிழமை காலையில் நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே கர்ப்பிணிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ நாத்தனாரோ இருப்பார். வெளியே வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டுக் கணவர்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்து அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வருகிறதா, எதையாவது நினைத்து அழுகை வருகிறதா என்று நிதானமாக உட்கார்ந்து கேட்க, அத்தனை கூட்டத்தில் செவிலியருக்கு நேரம் இருப்பதில்லை.

அந்தக் கேள்வியைத் தினமும் வீட்டில் கேட்கக்கூடியவர் மரத்தடியில் நிற்கும் அந்தக் கணவர். இந்த அத்தியாயத்தை அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

கணியம்பாடி சொல்லும் ஐந்து காரணங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்பிணிகள் 100 பேரில் சுமார் 16 பேருக்கும், பிரசவமான பெண்கள் 100 பேரில் சுமார் 20 பேருக்கும் மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. இது எங்கோ நடக்கிற கதை என்று தள்ளிவிட முடியாது. நம் பாலாறு கடந்து வருகிற வேலூருக்கு அருகே, கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் பார்த்துப் பேசி, பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் 301 பேரைப் போய்ப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், 100க்கு 11 பேர் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார்கள்.

யாருக்கு வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். வருமானம் குறைந்த வீட்டுப் பெண்கள். ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்கள். மாமியாரோடோ, பெற்றவர்களோடோ மனத்தாங்கல் உள்ளவர்கள். கர்ப்பமாக இருக்கும்போது சாவு, கடன், சண்டை என்று ஏதாவது பெரிய அடி பட்டவர்கள். வீட்டு வேலையில் கை கொடுக்க ஆள் இல்லாதவர்கள்.

இந்தப் பட்டியலை மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். வருமானத்தை ஒரே மாதத்தில் உயர்த்த உங்களால் முடியாமல் போகலாம். சாவையும் தடுக்க முடியாது. மற்ற எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை, கணவர் நினைத்தால் குறைக்கக்கூடியவை. மனைவி மாசமாக இருக்கும்போது ஆண் செய்ய வேண்டியது பணம் கொண்டுவருவதும் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுவதும் மட்டுமே என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அதை மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை.

முதல் மூன்று மாதம்

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மி பதிவைச் செய்துவிடுங்கள். இணையத்திலும் நீங்களே பதியலாம். அதில் கிடைக்கும் 12 இலக்க எண் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதே எண்தான். அந்தத் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 14,000 ரூபாய் தவணைகளாகவும், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரண்டும் கிடைக்கும். வங்கிக் கணக்கு, ஆதார் இவற்றில் பெயர் எழுத்து மாறியிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். இந்த அலைச்சல் முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்வது மனைவிக்குச் செய்யும் பெரிய உதவி. வாந்தியோடு இருக்கும் பெண்ணை இ-சேவை மையத்தில் நிற்க வைக்கக் கூடாது.

மசக்கையைச் சிலர் கேலியாகப் பேசுவார்கள். காலையில் எழுந்ததும் வாந்தி, சோறு பொங்கும் வாசனை பிடிக்காமல் போவது, பகலெல்லாம் தூக்கம், சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் எல்லாம் உடம்புக்குள் ஹார்மோன்கள் தாறுமாறாக ஏறுவதால் வருபவை. தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் மாதிரியான கடலோர ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கரைக்கு வந்து வலையிலிருந்து மீனைப் பிரித்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வாடையே அவருக்குக் குடலைப் புரட்டும். வெளியிலேயே குளித்து, லுங்கியையும் சட்டையையும் வெளியிலேயே அலசிப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். மீன் குழம்பு வாசனை தாங்கவில்லை என்றால் ஒரு மாதம் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அடுப்படியில் நின்று அதை நீங்களே வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு வாய்த் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தியாகிறது, சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

அடுத்து, பரிசோதனைக்கு நீங்களும் உள்ளே போவது. பல இடங்களில் “ஆம்பளைங்க வெளியே இருங்க” என்று சொல்வார்கள். மற்றப் பெண்களின் மறைவுக்காகச் சொல்வது. அதை மதிக்க வேண்டும். ஆனால் மருத்துவர் பேசும் நேரத்தில், “சிஸ்டர், டாக்டர் சொல்றத நானும் கேட்டுக்கறேன், அஞ்சு நிமிஷம்” என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கும். வார நாளில் லீவு கிடைக்காதவர்கள் அந்தத் தேதி ஞாயிறிலோ உங்கள் வார விடுமுறையிலோ வந்தால், அன்று பரிசோதனை உண்டா என்று செவிலியரிடம் கேட்டுக்கொண்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதால் என்ன ஆகும் என்று நேபாளத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காட்மாண்டுவில் 442 கர்ப்பிணிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணவரோடு சேர்த்து ஆலோசனை, இன்னொன்றுக்குத் தனியாக, மூன்றாவதற்கு ஆலோசனையே இல்லை. 2007இல் வெளியான முடிவின்படி, கணவரோடு கேட்டவர்கள்தான் பிரசவத்துக்கு முன்னேற்பாடுகளை அதிகம் செய்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கும் அதிகம் வந்தார்கள். தனியாகக் கேட்ட பெண்ணுக்கும் அதே விஷயம்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அதைச் செய்ய விட ஆள் வேண்டுமே!

உங்கள் வேலைக்குத் தக்கபடி ஒரு திட்டம்

நம் பகுதியில் ஆண்கள் பார்க்கும் வேலை ஒவ்வொன்றும் அவர்களை ஒவ்வொரு விதமாக வீட்டிலிருந்து பிரிக்கிறது. அதனால் எல்லோருக்கும் பொருந்தும்படி ஒரே நேர அட்டவணை எழுத முடியாது.

மறைமலைநகர், மகேந்திரா சிட்டி கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு நைட் ஷிப்ட் வாரம்தான் கஷ்டம். கர்ப்பிணிக்கு பயமும் மூச்சுத் திணறலும் ராத்திரியில்தான் அதிகம் வரும். அப்போதுதான் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அந்த வாரத்துக்கு மட்டும் தங்கையோ, அத்தையோ, பக்கத்து வீட்டு அக்காவோ கூடப் படுக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். டீ பிரேக்கில் ஒரு போன், விடிந்து வந்ததும் தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் பேச்சு. ஏழாம் மாதத்துக்கு மேல் பகல் ஷிப்டாக மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள், லேப்டாப்பை விட்டு நிமிர மாட்டார்கள். மனைவியும் அதே வேலை பார்ப்பவராக இருந்தால் அவருக்கு இரட்டைச் சுமை. மாலையில் ஒரு மணி நேரம் போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தெருவில் சேர்ந்து நடந்தாலே நிறைய மாறும்.

கடலுக்குப் போகிறவர்கள் விடியலுக்கு முன் கிளம்பி முற்பகலில் வந்துவிடுகிறார்கள். பகல் பொழுது கையில் இருக்கிறது. அதைச் சீட்டாட்டத்துக்கும் தூக்கத்துக்கும் மட்டும் விடாமல், மதியச் சாப்பாட்டை மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கடல் சீற்றமாக இருக்கும் நாளில் நீங்கள் திரும்பும் வரை அவர் படும் பதற்றம் பெரியது. கரையைத் தொட்டதும் முதல் போன் ஏலக்காரருக்குப் போக வேண்டாம், வீட்டுக்குப் போகட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்தப் படகுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அது வருமானம் இல்லாத காலம். வீட்டில் வாய்ச்சண்டை வரும் காலமும் அதுதான். செலவுக் கணக்கை மறைக்காமல் மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டால் பாதி பயம் போய்விடும். என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பதுதான் கர்ப்பிணியை அதிகம் வாட்டும்.

மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் சிற்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. கிரைண்டர் போட்டுக் கல்லை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தால் இந்தப் பத்து மாதமும் அறுக்கும் வேலையைத் தள்ளி வையுங்கள், அல்லது ஈரத்தில் அறுங்கள். தூசி படிந்த துணியை அவர் கையால் துவைக்கக் கொடுக்காதீர்கள். பீடி, சிகரெட் புகையும் அப்படித்தான். வாசலில் நின்று குடித்தாலும் உள்ளே வரும்.

அந்த ஊருக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் சிற்பங்களில், அர்ச்சுனன் தபசுக்கு அருகே ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பின்னால் உட்கார்ந்த ஆண்குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது. பல்லவச் சிற்பி அதை எங்கேயோ உட்கார்ந்து நன்றாகக் கவனித்திருக்கிறார். மனைவியின் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னி விடுவதை ஆண்மைக்குக் குறைவு என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பேசுவதும் கேட்பதும்

“என்னங்க, எனக்கு பயமா இருக்கு” என்று ஒரு பெண் சொன்னால், நம்மில் பலர் உடனே சொல்லும் பதில் இது: “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. எங்க அம்மா அஞ்சு பெத்தாங்க, வீட்டுலயே.” தைரியம் சொல்வதாகத்தான் நினைத்துச் சொல்கிறோம். அவர் காதில் அது வேறு மாதிரி விழும்: உன் பயம் பெரிய விஷயமே இல்லை, இதைப் பற்றி இனிமேல் பேசாதே. அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

“எதை நெனச்சா பயமா இருக்கு? சொல்லு, கேக்கறேன்.” இவ்வளவு போதும். பதிலுக்கு அவர் அக்காவுக்குச் சிசேரியன் ஆனதைச் சொல்லலாம். போன தடவை கரு கலைந்ததைச் சொல்லலாம். பிள்ளை பிறந்த பிறகு வேலையை விடச் சொல்வீர்களோ என்று கேட்கலாம். பெண் பிள்ளை பிறந்தால் உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று கேட்கலாம். எதற்கும் அந்த இடத்திலேயே தீர்வு சொல்ல வேண்டியதில்லை. முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்து அடுத்த பரிசோதனையில் நீங்களே கேளுங்கள். தன் பயத்தை வேறொருவர் எழுதி வைத்துக் கேட்கிறார் என்பதே பெரிய தெம்பு.

ஆறாம் மாதத்தில் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. ராத்திரி அவர் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும்போது வயிற்றின் மேல் கை வைத்துப் பேசுங்கள். உங்களுக்கு முதலில் வெட்கமாக இருக்கும். ஏழாம் மாதத்திலிருந்து அசைவைக் கவனிப்பதை இருவரும் சேர்ந்து செய்யலாம். வழக்கத்தைவிட அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரையும் மனதோடு சம்பந்தப்பட்டதுதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ரத்தம் குறைந்த பெண்ணுக்கு அசதியும் எரிச்சலும் சோர்வும் கூடும். மாத்திரையை டீ, காபியோடு கொடுக்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் நம் கரையில் மலிவு, நல்லதும்கூட. பெரிய சுறாவில் பாதரசம் இருக்கும், கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதைத் தவிருங்கள்.

மாமியார் வீடு, தாய்வீடு

கணியம்பாடிப் பட்டியலில் உறவுச் சிக்கல் இருந்ததை மறக்க வேண்டாம். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒதுங்கி நிற்பது நடுநிலை ஆகாது. பெரும்பாலான வீடுகளில் பேச முடியாத இடத்தில் இருப்பவர் மனைவிதான். “அம்மா, அவளுக்கு இன்னிக்கு முடியல. நான் பாத்திரம் கழுவிடறேன்” என்று சொல்லிக் கழுவிக் காட்டினால் வாக்குவாதமே தேவைப்படாது. மனைவி சொன்னார் என்று அம்மாவிடம் எதையும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் விருப்பமாகவே சொல்லுங்கள். கோபம் உங்கள் மேலேயே இருக்கட்டும்.

ஆணா பெண்ணா என்ற பேச்சை முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். வயிறு கூர்மையாக இருக்கிறது, முகம் வாடியிருக்கிறது என்று குறி சொல்பவர்கள் சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, பெண் பிறந்தால் தான் தோற்றுவிட்டதாக அவர் நினைக்கத் தொடங்குகிறார். இன்னொன்று: பிள்ளை ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது ஆணின் விந்தணு. ஸ்கேனில் பாலினம் கேட்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “எனக்குப் பொண்ணு பொறந்தா சந்தோஷம்” என்று நாலு பேர் முன்னால், முக்கியமாக உங்கள் அம்மா முன்னால், நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இனி நம் வழக்கத்திலேயே உள்ள ஒரு இடைவெளியைப் பற்றி. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். பெண்ணுக்கு அது ஓய்வு. அம்மா கையால் சாப்பாடு, மாமியார் வீட்டு வேலையிலிருந்து விடுதலை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு கணவர் முழுவதுமாக விலகிவிடுகிறார். செங்கல்பட்டுக்காரர் மனைவி திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இருப்பார். கணவர் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போய் விருந்தாளி மாதிரி ஹாலில் உட்கார்ந்துவிட்டு வருவார். மூன்று மாதம், பிறகு பிரசவம், பிறகு இன்னும் மூன்று மாதம். மனச்சோர்வு வரக்கூடிய காலத்தின் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதனால் அனுப்பும் முன் சில விஷயங்களை முடிவு செய்யுங்கள். பிரசவம் எந்த மருத்துவமனையில், அங்கே ஒரு முறையாவது முன்கூட்டிப் போய்க் காட்டியாகிவிட்டதா, பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் கூடப் போகிறதா என்று பாருங்கள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரின் எண் உங்கள் போனிலும் இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். “சாப்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது அங்கேயே தங்குங்கள். சீர், நகை, வளைகாப்பில் யாரைக் கூப்பிடவில்லை என்ற பேச்சு எதையும் போனில் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். இரு வீட்டுச் சண்டைக்கும் தூது போகும் நிலையில் அவர் இல்லை.

அங்கன்வாடி மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு உங்கள் பகுதியில் நடந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஊட்டச்சத்து, பிரசவ அறிகுறி பற்றி அங்கே சொல்வார்கள். பெண்கள் மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இல்லை அவை.

பிரசவ நாள்

பலத்த தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குடம் உடைந்து நீர் வருதல், வலிப்பு — இவற்றில் எது வந்தாலும் 108. நாள் கணக்கு கார்த்திகை, மார்கழியில் விழுந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்க்காரர்கள் புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. மனைவியின் ரத்த வகை உள்ள இரண்டு பேரிடம், தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்கச் சொல்லி வைத்திருங்கள்.

பிரசவ அறையில் கூட ஒரு ஆள் இருப்பது வெறும் ஆறுதலுக்காக மட்டும் இல்லை. 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிரசவ வலி முழுவதும் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரமும் குறைவு என்று தெரிந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தனித்தனி அறை உள்ள தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் கணவரையும் விடுகிறார்கள். யார் கூட இருக்க வேண்டும் என்பதை உங்கள் மனைவிதான் சொல்ல வேண்டும். அவர் அக்காவைக் கேட்டால் அக்காவை அனுப்புங்கள். நீங்கள் வாசலை விட்டு நகராதீர்கள். பிள்ளை வெளியே வந்ததும், என்ன குழந்தை என்று கேட்கும் முன் அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

பிறந்த பிறகு எதைக் கவனிப்பது

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுவார், சிடுசிடுப்பார். பல பெண்களுக்கு வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். பிள்ளையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு அவரைத் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்க விடுவதைப் போல வேறு மருந்து இதற்கு இல்லை.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளையைத் தூக்கவே தோன்றவில்லை, அல்லது பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று ஓயாத பயம், “நான் நல்ல அம்மா இல்ல” என்ற பேச்சு. இவை மனச்சோர்வின் அடையாளங்கள். கர்ப்பத்திலேயே இவை தொடங்கலாம். இதைக் கண்டுபிடிக்க 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்றுதான் கேட்கும். பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லலாம்.

“செத்துடலாம் போல இருக்கு” என்று ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. தனியாக விடாதீர்கள். யாரோ பேசுவது கேட்கிறது என்கிறார், வீட்டார் மேல் சந்தேகப்படுகிறார், நாள்கணக்கில் தூங்காமல் பரபரக்கிறார், பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறார் என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். பேய் பிடித்தது, காத்து கருப்பு என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனால் விலைமதிப்பில்லாத நாள்கள் வீணாகும். அன்றே மருத்துவமனை, சிகிச்சையில் நன்றாகக் குணமாகும் நோய் இது.

ஆலோசனைக்கு 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இது. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104ஐயும் அழைக்கலாம். நேரில் காட்டச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. “என் பொண்டாட்டிய மெண்டல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும்?” என்று தயங்கும் கணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சர்க்கரைக்குக் காட்டும் அதே வளாகத்தில்தான் இதற்கும் காட்டப் போகிறீர்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்த விடாதீர்கள். சில மருந்துகளை மாற்ற வேண்டும், சிலவற்றைத் தொடரலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய நிபுணர்கள் கையில் மட்டும் இது இல்லை என்பதற்குப் பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் நடந்த ஆய்வு சாட்சி. சுமார் 900 கர்ப்பிணிகள், எல்லோரும் மனச்சோர்வு உள்ளவர்கள். ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள், குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு 6 மாதம் ஆனபோது, அப்படிப் பேசப்பட்டவர்களில் 23 சதவீதம் பேரும், மற்றவர்களில் 53 சதவீதம் பேரும் மனச்சோர்வில் இருந்தார்கள். 2008இல் வெளியான முடிவு இது.

உங்கள் மனம்

அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கணக்குப்படி, மனைவியின் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டிலும் சுமார் 10 சதவீத ஆண்களுக்கு வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவும், வீட்டுக்கு வராமல் சுற்றுவதாகவும், குடியாகவும் வெளிப்படும். அதே 14416 உங்களுக்கும்தான்.

குடியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாசமாக இருக்கும் பெண்ணின் மனதை இரவு எட்டு மணிக்கு மேல் வாசலில் கேட்கும் தள்ளாடும் காலடிச் சத்தத்தைப் போல எதுவும் குலைப்பதில்லை. கை ஓங்குவது குற்றம். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. நிறுத்த முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் அதற்கும் சிகிச்சை உண்டு. இதைப் படிக்கும் பெண் அடி வாங்குபவராக இருந்தால் பெண்கள் உதவி எண்ணான 181ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக லீவு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிள்ளை பிறந்து 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் தங்கள் நிர்வாகப் பிரிவில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் கம்பெனி ஆண்களுக்கு இப்படி ஒரு விடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. பெரிய நிறுவனங்கள் சில தாங்களாகவே தருகின்றன. உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஏழாம் மாதத்தில், பிரசவத் தேதி போட்டு, மருத்துவர் அட்டையின் நகலோடு எச்.ஆருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். இல்லை என்றால் ஈட்டிய விடுப்பில் பத்து நாளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். கான்ட்ராக்டில் இருப்பவர்கள், தினக்கூலிக்காரர்கள், சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் ஆறாம் மாதத்திலிருந்து வாரம் இவ்வளவு என்று அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடாதீர்கள்.